மூளையில் அக்கம்பக்கமும் தூரத்துச் சொந்தமும்

ஒரு மனித மூளையை உறைய வைத்து, பலகை பலகையாக அறுத்து, குறித்து வைத்த இடங்களிலிருந்து திசுவைத் துணுக்குத் துணுக்காக எடுக்கிறார்கள். மூளையின் வெளிப்புற அடுக்கான புறணி மாதிரிப் பெரிய இடமென்றால் கத்தி போதும். ஆழத்தில் கிடக்கும் சின்னச் சின்ன முடிச்சுகளுக்கு லேசர் தேவைப்படுகிறது. எடுத்த ஒவ்வொரு துணுக்குக்கும் ஒரு முகவரி உண்டு. அந்த மூளையின் எம்ஆர்ஐ படத்தில் அது எங்கே இருந்தது என்று சொல்லும் மூன்று எண்கள்தான் அந்த முகவரி. அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் இருக்கும் ஆலன் மூளை அறிவியல் நிறுவனம் இப்படி ஆறு பேரின் மூளையிலிருந்து மொத்தம் 3,702 துணுக்குகளை எடுத்தது. மைக்ரோசாஃப்டைத் தொடங்கியவர்களில் ஒருவரான பால் ஆலன் 2003-இல் 10 கோடி டாலர் கொடுத்து உண்டாக்கிய நிறுவனம் இது.

ஒவ்வொரு துணுக்கிலும் ஏறக்குறைய 20,000 மரபணுக்களில் எது எவ்வளவு வேலை செய்துகொண்டிருந்தது என்று அளந்தார்கள். ஒரு பெரிய அட்டவணையை நினைத்துக்கொள்ளுங்கள். நெட்டுக்கு 20,000 வரி, குறுக்கே 3,702 நெடுவரிசை. 2012-இல் நேச்சர் இதழில் இதைப் பற்றிய கட்டுரை வந்தது. அட்டவணை முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மூளை ஆராய்ச்சியில் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் இவ்வளவு தடவை புரட்டப்பட்ட தரவுகள் அதிகம் இருக்காது.

இதை வைத்துக்கொண்டு பலரும் கேட்ட கேள்வி ஒன்றுதான். செத்துப்போன ஆறு பேரின் மூளையில் எடுத்த இந்த அட்டவணைக்கும், உயிரோடு இருக்கும் ஒருவர் ஸ்கேனருக்குள் சும்மா படுத்திருக்கும்போது அவர் மூளையில் நடப்பதற்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

கேள்விக்குள் போவதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். "மரபணுவுக்கும் மூளைக்கும் தொடர்பு" என்று செய்தி வந்தால், பெற்றோரிடமிருந்து வருகிற வேறுபாட்டைத்தான் நாம் நினைப்போம். டிஎன்ஏவில் ஒரே இடத்தில் அவருக்கு ஒரு மாதிரி எழுத்து, எனக்கு வேறு மாதிரி எழுத்து என்பது அது. இங்கே பேச்சு அதைப் பற்றியது கிடையாது. ஒரே ஆளின் உடம்பில் தோல் உயிரணுவிலும் மூளை உயிரணுவிலும் ஏறக்குறைய ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது. அதில் எந்தப் பகுதி ஆர்என்ஏவாகப் படியெடுக்கப்படுகிறது, எவ்வளவு படியெடுக்கப்படுகிறது என்பதில்தான் தோலும் மூளையும் பிரிகின்றன. அதற்குப் பேர்தான் மரபணு வெளிப்பாடு. மூளைக்குள்ளேயே நெற்றிப் பக்கம் ஒரு மாதிரி, பிடரிப் பக்கம் ஒரு மாதிரி. மனித மரபணுக்களில் 84 சதவீதம் மூளையின் ஏதாவது ஒரு மூலையில் வெளிப்படுகின்றன என்று ஆலன் குழு சொன்னது. ஆகவே "மூளையில் வேலை செய்யும் மரபணு" என்று ஒன்றைத் தனியாகக் கொண்டாட ஒன்றுமில்லை. அது எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இனி அடுத்த பக்கம். 1995-இல் பரத் பிஸ்வால் என்ற இளம் ஆய்வாளர் விஸ்கான்சினில் ஒரு சோதனை செய்தார். மூளையின் இரத்த ஓட்டத்தைப் பின்தொடரும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேனருக்குள் ஆட்களைப் படுக்க வைத்து, விரலைத் தட்டச் சொல்லி, கையை அசைக்கும் பகுதி மூளையில் எங்கே இருக்கிறது என்று முதலில் குறித்துக்கொண்டார். அப்புறம் எதுவும் செய்யாமல் சும்மா இருக்கச் சொன்னார். சும்மா இருக்கும்போதும் இடப்பக்க அசைவுப் பகுதியின் இரத்த ஓட்டச் சமிக்ஞை மெதுவாக ஏறி இறங்கியது. வலப்பக்கத்தில் இருக்கும் அதே பகுதியும் அதனோடு சேர்ந்து ஏறி இறங்கியது. அதுவரை இந்த மாதிரி ஏற்ற இறக்கத்தை இரைச்சல் என்று தள்ளிவிடுவதே வழக்கம். அந்த இரைச்சலிலிருந்துதான் இன்று நாம் பேசும் செயல்பாட்டு வலையமைப்புகள் எல்லாம் வந்தன. அசைவுக்கு ஒன்று, பார்வைக்கு ஒன்று, கவனத்துக்கு ஒன்று, வேலையில்லாமல் மனம் அலையும்போது விழித்துக்கொள்ளும் டீஃபால்ட் மோட் நெட்வொர்க் ஒன்று. 2011-இல் 1,000 பேரின் ஸ்கேனை வைத்துப் புறணியை 7 வலையமைப்பாகவும், இன்னும் நுணுக்கமாக 17 ஆகவும் பிரித்த ஒரு வரைபடம் வந்தது. இன்றும் பெரும்பாலோர் அதைத்தான் எடுத்தாள்கிறார்கள்.

ஒரு வலையமைப்பின் துண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. டீஃபால்ட் மோட் நெட்வொர்க்கின் ஒரு துண்டு நெற்றிக்குப் பின்னால் நடுவில் இருக்கிறது, இன்னொன்று அதற்கு வெகு பின்னால், மற்றொன்று காதுக்கு மேலே பின்புறமாக. ஆனாலும் மூன்றும் ஒரே தாளத்தில் ஏறி இறங்குகின்றன. அப்படியென்றால், இந்தத் தூரத்து இடங்கள் மரபணு விஷயத்திலும் ஒத்துப்போகின்றனவா?

2015 ஜூனில் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரை ஆமாம் என்றது. ஜோனாஸ் ரிச்சியார்டியும் ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் கிரைசியஸும் அதன் முக்கிய ஆட்கள். செய்த வேலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்பது நல்லது, பின்னால் வந்த சண்டை முழுவதும் இதில்தான் இருக்கிறது.

அட்டவணையில் இரண்டு நெடுவரிசைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று நெற்றிப் பக்கத்துத் துணுக்கு, இன்னொன்று பின்பக்கத்துத் துணுக்கு. இரண்டிலும் 20,000 எண்கள். முதலாவதில் உயர்ந்திருக்கும் மரபணு இரண்டாவதிலும் உயர்ந்திருக்கிறதா, தாழ்ந்தது தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்தால் ஒரே ஒரு ஒப்புமை எண் கிடைக்கும். இப்படி ஒவ்வொரு ஜோடிக்கும் கணக்கிடலாம். ஸ்கேனரிலிருந்து வந்த வலையமைப்பு வரைபடத்தை இதன்மேல் போர்த்துங்கள். சில ஜோடிகளில் இரண்டு துணுக்கும் ஒரே வலையமைப்புக்குள் விழும், சில ஜோடிகளில் ஒன்று உள்ளே, ஒன்று வெளியே. உள்ளே இருக்கும் ஜோடிகளின் ஒப்புமை மொத்தத்தில் எவ்வளவு பங்கு என்று கூட்டிப் பார்க்கிறார்கள். பிறகு துணுக்குகளின் பெயர்ச்சீட்டைக் குலுக்கிப் போட்டு, அதே கணக்கை ஆயிரக்கணக்கான முறை திரும்பச் செய்கிறார்கள். குலுக்கலில் கிடைப்பதைவிட உண்மையான பங்கு தெளிவாகக் கூடுதலாக இருந்தால், தொடர்பு உண்டு.

அப்படித்தான் இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்டவை டீஃபால்ட் மோட், முக்கியமானதைப் பொறுக்கி எடுக்கும் சேலியன்ஸ், அசைவும் தொடுவுணர்வும், பார்வையும் இடவுணர்வும் என்று நான்கு வலையமைப்புகள். இந்த ஒப்புமையைத் தூக்கிப் பிடிக்கும் மரபணுக்கள் எவை என்று தேடியபோது 136 பேர் தேறினார்கள். அதில் அயனிக் கால்வாய்களை உண்டாக்கும் மரபணுக்கள் கணக்குக்கு மீறி இருந்தன. அயனிக் கால்வாய் என்பது நியூரானின், அதாவது நரம்பணுவின், தோலில் இருக்கும் கதவு. சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் அதன் வழியாகத்தான் போய்வருகின்றன. நியூரான் எப்போது சுடும், அதாவது மின்துடிப்பு அனுப்பும், எவ்வளவு வேகமாகச் சுடும், சுட்ட பிறகு எவ்வளவு நேரம் ஓய்வெடுக்கும் என்பதை இந்தக் கதவுகளே தீர்மானிக்கின்றன. இரண்டு இடம் ஒரே தாளத்தில் துடிக்க வேண்டுமென்றால் இரண்டு இடத்திலும் கதவுகள் ஒரே ரகமாக இருப்பது உதவும். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. கொஞ்சம் அதிகப் பொருத்தம் என்றுகூடத் தோன்றும்.

அந்தக் குழு இரண்டு பக்கபலத்தையும் சேர்த்துக்கொண்டது. ஐரோப்பியப் பதின்வயதினரின் ஸ்கேன்களில் இதே மரபணுக்களின் எழுத்து வேறுபாடு வலையமைப்பின் ஒத்திசைவைப் பாதித்தது. எலி மூளையில் இவற்றின் வெளிப்பாடு நரம்பு இழைகளின் இணைப்போடு சேர்ந்து போனது.

சரி, இதில் என்ன பிரச்சினை?

பிரச்சினை அக்கம்பக்கம். திருநெல்வேலிப் பேச்சும் நாகர்கோவில் பேச்சும் ஒத்துப்போவதைக் கண்டு யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், பக்கத்துப் பக்கத்து ஊர். ஆனால் யாழ்ப்பாணத்து மீனவரும் தூத்துக்குடி மீனவரும் காற்றுக்குக் கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று ஒரே பேர்களைச் சொல்வது வேறு ரகம். நடுவில் கடல் இருக்கிறது. செய்கிற தொழில் ஒன்று என்பதால் சொற்களும் ஒன்றாக இருக்கின்றன. மூளையிலும் இந்த இரண்டையும் பிரிக்க வேண்டியிருக்கிறது. 2012 கட்டுரையே சொல்லிவிட்டது, புறணியில் இரண்டு இடம் எவ்வளவு கிட்ட இருக்கிறதோ அவ்வளவு ஒரே மாதிரி மரபணு வெளிப்பாடு. ஸ்கேனர் வலையமைப்புகளும் பாதிக்கு மேல் அடுத்தடுத்த இடங்களால் ஆனவைதான். துண்டு துண்டாக இருந்தாலும், ஒவ்வொரு துண்டுக்குள்ளும் பல துணுக்குகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆக, வலையமைப்புக்குள் ஒப்புமை கூடுதலாக இருப்பதற்கு வேலைப் பொருத்தம் காரணமா, வெறும் பக்கத்துவீட்டுத்தனமா?

ரிச்சியார்டி குழுவுக்கு இது தெரியாமல் இல்லை. ஒரே வகைத் திசுவைச் சேர்ந்த ஜோடிகளைக் கணக்கிலிருந்து நீக்கியிருந்தார்கள். அது போதாது என்று 2017-இல் ஸ்பைரோ பண்டாசாடோஸும் ஷின்யி லீயும் எழுதினார்கள். மூளையில் எந்த வேலைப் பொருத்தமும் இல்லாத இடங்களைக் கொத்துக் கொத்தாக எடுத்தாலும், கொத்து என்ற ஒரே காரணத்தால் இந்தக் கணக்கில் பெரிய எண் வந்துவிடுகிறது என்பது அவர்கள் வாதம். குலுக்கல் சோதனையின் ஓட்டை இதில் வெளிப்பட்டது. பெயர்ச்சீட்டைக் கண்டபடி குலுக்கினால் அக்கம்பக்கமும் சேர்ந்து கலைந்துவிடுகிறது. அப்படிக் கலைந்த ஒன்றோடு கலையாத ஒன்றை ஒப்பிட்டால், கலையாதது ஜெயிக்காமல் என்ன செய்யும்? மூலக் குழு தூரம் மட்டுமே எல்லாம் இல்லை, தூரத்தைக் கழித்த பிறகும் மிச்சம் இருக்கிறது என்று பதில் எழுதியது.

என் கணிப்பில் இரண்டு தரப்பும் ஓரளவு சரி. மனித மூளைத் தரவை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒப்புமையின் பெரும்பங்கு அக்கம்பக்கம்தான். கழித்த பிறகு மிஞ்சுவது சின்னது. ஆனால் சுவாரஸ்யம் முழுவதும் அந்தச் சின்ன மிச்சத்தில்தான் இருக்கிறது. அதற்கு வலுவான சாட்சி மனிதரிடமிருந்து வரவில்லை, எலியிலிருந்தும் புழுவிலிருந்தும் வந்தது.

ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் பென் ஃபுல்ச்சரும் அலெக்ஸ் ஃபோர்னிட்டோவும் 2016-இல் எலி மூளையை எடுத்துக்கொண்டார்கள். எலியில் ஒரு வசதி உண்டு. ஸ்கேனர் வழியாகச் சுற்றிவளைக்காமல், நிறமூட்டும் வைரஸைச் செலுத்தி எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு இழை போகிறது என்று நேரடியாகவே வரைந்திருக்கிறார்கள். அந்த வரைபடத்தில் சில இடங்கள் ஜங்ஷன் மாதிரி. ஏகப்பட்ட பாதைகள் அங்கே வந்து கூடும். ஜங்ஷனுக்கும் ஜங்ஷனுக்கும் இடையிலான இணைப்புகள் சராசரியாக நீளமானவை. அக்கம்பக்க விதிப்படி பார்த்தால், தூரம் கூடியதால் இவற்றின் மரபணு ஒப்புமை குறைந்திருக்க வேண்டும். ஆனால் இவற்றில்தான் ஒப்புமை மிக அதிகம். அந்த ஒப்புமையைக் கொண்டு வந்த மரபணுக்கள் ஏடிபி தயாரிப்போடு, அதாவது அணுவுக்கு எரிபொருள் உண்டாக்கும் வேலையோடு சம்பந்தப்பட்டவை.

எரிபொருள் வந்து நிற்பதில் ஆச்சரியம் இல்லை. மனித மூளை உடல் எடையில் 2 சதவீதம்தான், தின்பதோ உடம்பின் ஆற்றலில் 20 சதவீதம். நீளமான இழைகளைப் பராமரிப்பதும் அவற்றின் வழியாக ஓயாமல் சமிக்ஞை அனுப்புவதும் செலவு பிடிக்கும் சமாச்சாரம். போக்குவரத்து அதிகமான ஜங்ஷனில் அடுப்பும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும். அதே குழு பிறகு சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழுவிலும் பார்த்தது. மொத்தமே 302 நியூரான்கள், ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. முன்னே போ, பின்னே வா என்று உடம்பை நகர்த்தும் கட்டளை நியூரான்கள்தான் அங்கே ஜங்ஷன்கள். அவற்றின் மரபணு வெளிப்பாடும் ஒன்றோடொன்று ஒத்துப்போனது. புழுவுக்கும் எலிக்கும் பரிணாமத்தில் இருக்கும் தூரத்தை நினைத்தால் இதை வெறும் தற்செயல் என்று தள்ள எனக்கு மனசு வரவில்லை.

மனித மூளையிலும் இதே போலத் தூரத்துச் சொந்தம் தெரிந்த இடம் ஒன்று உண்டு. புறணி ஆறு அடுக்குகளால் ஆனது. இரண்டாம், மூன்றாம் அடுக்கு நியூரான்கள்தான் புறணியின் ஒரு பகுதியிலிருந்து வேறொரு பகுதிக்கு அதிகமாக இழை அனுப்புகின்றன. மனிதரிடம் இந்த மேலடுக்குகளில் கூடுதலாக வெளிப்படும் 19 மரபணுக்கள் உண்டு. எலியில் இந்த மேலடுக்குச் சாய்வு கிடையாது. 2016-இல் ஃபென்னா கிரீனென், ரேண்டி பக்னர் உள்ளிட்டோர் இந்தப் பத்தொன்பதை மட்டும் எடுத்து, புறணி முழுவதும் இவை எப்படிக் கூடிக் குறைகின்றன என்று பார்த்தார்கள். பார்வை, தொடுகை, அசைவுப் பகுதிகள் ஒரு பக்கம் சேர்ந்தன. சிந்தனை, நினைவு, மொழி என்று பலதையும் கலக்கும் பகுதிகள், நெற்றியில் இருந்தாலும் பின்பக்கம் இருந்தாலும், இன்னொரு பக்கம் சேர்ந்தன. 20,000 மரபணுவையும் மொத்தமாகக் கொட்டிக் கணக்குப் போடுவதைவிட, எந்த வேலை செய்யும் மரபணு என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு பத்தொன்பதை எடுப்பது எனக்குப் பிடித்த வழி. ஏன் அவை என்று கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இன்னொரு நல்ல உதாரணம், நியூரான்களை அடக்கும் நியூரான்கள். இவற்றில் இரண்டு ரகத்தை அவை உண்டாக்கும் புரதத்தின் பேராலேயே அழைக்கிறார்கள், பார்வால்புமின் ரகம், சொமாட்டோஸ்டாட்டின் ரகம். முதல் ரகம் மற்ற நியூரானின் உடலருகே பிடித்துக்கொண்டு, வேகமாகவும் நேரம் தவறாமலும் அடக்கும். இரண்டாம் ரகம் கிளைகளில் உட்கார்ந்துகொண்டு உள்ளே வருவதை வடிகட்டும். பார்வால்புமின் மரபணு பார்வை, தொடுகை, அசைவுப் பகுதிகளில் தூக்கலாக இருக்கிறது. உணர்ச்சியோடும் பலதைக் கலப்பதோடும் சம்பந்தப்பட்ட பகுதிகளுக்குப் போகப் போக அது குறைந்து சொமாட்டோஸ்டாட்டின் கூடுகிறது. கண்ணிலிருந்து வருவதைச் சட்டென்று கையாள வேண்டிய இடத்தில் வேகமான அடக்கு அணு, பல இடத்திலிருந்து வருவதைச் சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டிய இடத்தில் நிதானமான வடிகட்டி. இதை ஒட்டித்தான் ஸ்கேனர் சமிக்ஞையின் இயல்பும் இடத்துக்கு இடம் மாறுகிறது என்று யேல் பல்கலைக்கழகத்தில் அவ்ரம் ஹோம்ஸ் குழு காட்டியது.

இந்த உதாரணத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். "வெளிப்பாடு மாறுகிறது" என்பதற்கு இங்கே உண்மையான பொருள், எந்த ரக அணு எத்தனை இருக்கிறது என்ற கலவை மாறுகிறது என்பதாகவும் இருக்கலாம். ஆலன் அட்டவணையின் ஒவ்வொரு துணுக்கும் பல ரக அணுக்களைச் சேர்த்து அரைத்த சட்னிதான். காரம் கூடியிருக்கிறது என்று தெரியும். மிளகாய் இரண்டு கூடப் போட்டார்களா, அதே எண்ணிக்கையில் காரமான மிளகாய் போட்டார்களா என்று நாக்கு சொல்லாது.

எது முதலில் வந்தது என்ற கேள்விக்கு வருவோம். மரபணு ஒப்புமை இருப்பதால் சேர்ந்து துடிக்கின்றனவா, சேர்ந்து துடித்துத் துடித்து மரபணு ஒப்புமை வந்ததா? ஒப்புமைக் கணக்கு இதற்குப் பதில் சொல்லாது. நியூரான் சுடுவதால் சில நிமிடங்களிலேயே விழித்துக்கொள்ளும் மரபணுக்கள் உண்டு. சி-ஃபாஸ் என்பதை மூளை ஆய்வகங்களில் "இங்கே இப்போதுதான் வேலை நடந்தது" என்பதற்கான அடையாளமாகவே பயன்படுத்துகிறார்கள். ஆகவே அம்பு இரண்டு பக்கமும் பாயும்.

ஆனால் கரு வளரும் காலத்தில் மரபணுதான் முதல் கோடு போடுகிறது என்பதற்குச் சோதனைச் சாட்சி இருக்கிறது. எஃப்ஜிஎஃப்8 என்ற புரதம் கருவின் மூளையில் முன்முனையிலிருந்து சுரந்து, பின்னே போகப் போகக் குறையும். 2001-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் தொமோமி ஃபுகுச்சி-ஷிமோகோரியும் எலிசபெத் குரோவும் எலிக் கருவின் புறணியில் பின்பக்கத்திலும் இதன் ஊற்று ஒன்றை உண்டாக்கினார்கள். எலிக்கு மீசை முடியின் தொடுவுணர்வுக்காகப் புறணியில் ஒரு வரைபடம் உண்டு, ஒரு முடிக்கு ஒரு குமிழ் என்ற வரிசையில். இரண்டாவது ஊற்று வைத்த குட்டிகளில் அந்த வரைபடம் ஓரளவு இரண்டாவது முறையும் உருவானது. ஒரே ஒரு புரதத்தின் ஏற்ற இறக்கம், புறணியில் எது எங்கே என்பதை மாற்றிவிட்டது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் எம்ஐடியில் மிருகாங்க சுரின் ஆய்வகம் நின்றது. சுர் கான்பூர் ஐஐடியில் படித்தவர். பிறந்த மரநாய்க் குட்டிகளில் கண்ணிலிருந்து போகும் இழைகளைக் காதுக்கு உரிய பாதைக்குத் திருப்பிவிட்டார்கள். கேட்பதற்கான புறணிப் பகுதியில் கோடுகளின் சாய்வைப் பிரித்தறியும் நியூரான்கள், பார்வைப் பகுதியில் இருப்பது போன்ற வரைபடமாக அமைந்ததை 2000-இல் அறிவித்தார்கள். உள்ளே வரும் சமிக்ஞை மாறியதும் இடத்தின் குணமும் மாறியது. ஆனால் முழுக்க மாறவில்லை, அந்த வரைபடம் உண்மையான பார்வைப் புறணியில் இருப்பதைவிடக் கொஞ்சம் ஒழுங்கு குறைந்திருந்தது. வளர்ந்த மனித மூளையிலிருந்து எடுத்த ஆலன் துணுக்கு ஒவ்வொன்றிலும் இந்த இரண்டு வரலாறும் கலந்து கிடக்கின்றன. கருவில் போட்ட கோடு, பிறகு பல பத்தாண்டுகள் கண்டதும் கேட்டதும். ஒரு எண்ணைப் பார்த்து எது எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை.

இனி கொஞ்சம் குறை சொல்லியாக வேண்டும். ஆலன் தரவு வந்த பிறகு ஒரு பாணிக் கட்டுரை ஏராளமாக வந்தது. ஏதோ ஒரு நோயிலோ வயதிலோ மூளை எங்கெங்கே மாறுகிறது என்று ஸ்கேனில் ஒரு படம் வரைவார்கள். அதோடு ஒத்துப்போகும் மரபணுக்களை அட்டவணையில் தேடுவார்கள். மேலே வந்த நூறு இருநூறு மரபணுக்களை, எந்த மரபணுவுக்கு என்ன வேலை என்று சொல்லும் தொகுப்பில் போட்டுப் பார்ப்பார்கள். "நரம்புச் சந்திப்பில் சமிக்ஞை கடத்தல்" என்று பதில் வரும். நோய்க்கும் சந்திப்புக்கும் தொடர்பு என்று முடிப்பார்கள். 2021-இல் ஃபுல்ச்சர் குழு ஒரு குறும்பு செய்தது. எந்த அர்த்தமும் இல்லாமல் எழுமாறாக உண்டாக்கிய மூளைப் படங்களை அதே இயந்திரத்துக்குள் விட்டார்கள். பொய்யான பொருத்தங்கள் எதிர்பார்த்ததைவிடச் சராசரியாக 500 மடங்குக்கும் மேல் வந்தன. எந்தத் தலைப்புகள் இப்படிப் பொய்யாக அதிகம் வருகின்றனவோ, அவையே அச்சான கட்டுரைகளிலும் அதிகம் வந்திருந்தன. கேட்டவர் யாராக இருந்தாலும் "வெளியூர்ப் பயணம் உண்டு" என்று சொல்லும் கிளி ஜோசியம் போல.

காரணம் மறுபடியும் அக்கம்பக்கம்தான். மரபணு வெளிப்பாடும் மெல்ல மெல்ல மாறும் பரப்பு, மூளைப் படமும் மெல்ல மெல்ல மாறும் பரப்பு. மெல்ல மாறும் இரண்டு பரப்புகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் எங்காவது பொருந்தத்தான் செய்யும். இப்போது நல்ல ஆய்வுகளில் பெயர்ச்சீட்டைக் கண்டபடி குலுக்குவது இல்லை. புறணியைப் பந்து போல ஊதிப் பெருக்கி, படத்தைக் கலைக்காமல் அப்படியே சுழற்றி வேறு கோணத்தில் வைத்து ஒப்பிடுகிறார்கள். அக்கம்பக்கம் அப்படியே இருக்கும், இடம் மட்டும் மாறும். இந்தச் சோதனையில் பல பழைய "கண்டுபிடிப்புகள்" நிற்பதில்லை.

தரவைத் தயார் செய்யும் முறையே இன்னொரு தலைவலி. ஒரே மரபணுவை அளக்கும் அளவுகோல்கள் பலவாக இருக்கும்போது எதை நம்புவது, ஒரு துணுக்கு இரண்டு பகுதியின் எல்லையில் விழுந்தால் எதில் சேர்ப்பது, ஆறு பேரின் எண்களை எப்படிச் சமன் செய்வது என்று வரிசையாக முடிவுகள் எடுக்க வேண்டும். ராஸ் மார்கெல்லோ முதலியோர் 2021-இல் இப்படிப்பட்ட முடிவுகளின் ஏறக்குறைய 7,50,000 சேர்க்கைகளை ஓட்டிப் பார்த்தார்கள். ஒப்புமை எண் என்பது −1-இலிருந்து +1 வரைதான் போகும். சேர்க்கையை மாற்றினால் சில இடங்களில் அந்த எண் 1-க்கும் மேல் நகர்ந்தது. சமையற்காரர் மாறினால் சாம்பாரே ரசம் ஆகிவிடுகிறது.

ஆறு பேர் என்பதும் சும்மா விட்டுவிடக்கூடிய விஷயம் அல்ல. ஐந்து ஆண்கள், ஒரு பெண், வயது 24 முதல் 57 வரை. தெற்காசியர் யாரும் இல்லை. முதல் இரண்டு மூளைகளில்தான் இரண்டு அரைக்கோளங்களிலிருந்தும் துணுக்குகள் எடுத்தார்கள். இடத்துக்கும் வலத்துக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதால் மற்ற நால்வரில் இடப்பக்கத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். பணமும் நேரமும் மிச்சம், சரிதான். ஆனால் பிஸ்வால் முதன்முதலில் கண்ட ஒத்திசைவே இடத்துக்கும் வலத்துக்கும் இடையில்தான் இருந்தது. வலையமைப்பு என்ற கருத்தின் மூல உதாரணத்தைச் சோதிக்க இந்த நால்வரிடம் பாதி மூளைதான் இருக்கிறது.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. மரபணு எண்கள் ஒருவரிடமிருந்து, ஸ்கேன் வேறொருவரிடமிருந்து. ஆகவே இதுவரை சொன்ன மனித ஒப்புமைகளில் பெரும்பாலானவை இடத்துக்கு இடம் பார்த்தவை, ஆளுக்கு ஆள் பார்த்தவை அல்ல. "அயனிக் கால்வாய் மரபணு கூடினால் உங்கள் நினைவு வலையமைப்பு பலமாகும்" என்று யாராவது இந்தத் தரவைக் காட்டிச் சொன்னால் அது அதில் இல்லாத விஷயம்.

சட்னிப் பிரச்சினைக்கு ஓரளவு பதில் வரத் தொடங்கிவிட்டது. துணுக்கை அரைக்காமல், உயிரணுவின் உட்கருவை ஒவ்வொன்றாகப் பிரித்து அளக்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. 2023 அக்டோபரில் அமெரிக்காவின் பிரெயின் திட்டத்தின் கீழ் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில் மனித மூளையின் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட உட்கருக்களை இப்படி அளந்து, 3,000-க்கும் மேற்பட்ட அணு ரகங்களைப் பட்டியலிட்டார்கள். மிளகாய் எத்தனை, காரம் எவ்வளவு என்று இனித் தனித்தனியாகக் கேட்கலாம்.

ஆளுக்கு ஆள் கேள்விக்கு எனக்குத் தெரிந்து மிக நேரடியான முயற்சி, 2021-இல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் தென்மேற்கு மருத்துவ மையத்தில் ஜெனீவீவ் கொனாப்காவும் பிராட்லி லெகாவும் செய்தது. மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு உள்ளவர்களுக்கு, வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க மூளைக்குள் மின்முனைகள் வைப்பார்கள். அந்த நாட்களில் நோயாளிகள் சொற்பட்டியலை மனப்பாடம் செய்தார்கள், மின்முனைகள் அவர்களுடைய மூளை அலைகளைப் பதிவு செய்தன. பிறகு சிகிச்சைக்காகக் காதுப் பக்கத்து மூளை மடலின் முனையை வெட்டி எடுத்தபோது அதே திசுவில் மரபணு வெளிப்பாட்டை அளந்தார்கள். அதே ஆள், அதே இடம், அதுவும் உயிரோடு. நினைவில் பதியும்போது எழும் அலைகளின் பலத்தோடு சேர்ந்து கூடிக் குறையும் மரபணுக்கள் கிடைத்தன.

இரண்டு அளவும் இருந்தவர்கள் 16 பேர். எல்லாரிடமும் எடுத்தது ஒரே ஒரு இடத்தின் திசு, ஏனென்றால் அறுவை மருத்துவர் வெட்ட வேண்டியிருந்தது அந்த ஒரு இடத்தைத்தான். உயிரோடு இருப்பவரிடம் இன்னொரு இடத்தையும் கேட்க முடியாது.